ஆற்றுக்காக யாரோடு சேருவது? கோயில் கூட்டத்துக்கு முன் ஒரு கணக்கு

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் கூட்டம். தைப்பூசம் முடிந்து கையில் மிஞ்சிய பணத்தில் 6,000 வெள்ளியை (ரிங்கிட்) ஒதுக்கி, இளைஞர் பிரிவின் சனிக்கிழமைகளையும் சேர்த்து, சுற்றுச்சூழலுக்கு உருப்படியாக ஏதாவது செய்வது என்று போன கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. என்ன செய்வது, யாரோடு சேர்ந்து செய்வது என்பதில்தான் இழுபறி. நாலு யோசனை வந்திருக்கிறது. வாட்சப் குழுவில் நாலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, கடைசியில் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததையும் நான் பார்த்ததையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வேறு கோயில்களில் இதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் உதவலாம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இடம் தெரியாவிட்டால் இந்தப் பேச்செல்லாம் அந்தரத்தில் நிற்கும். மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் எங்கள் கோயில் சின்னது. பின்பக்க வேலியைத் தாண்டினால் ஒரு பெரிய கால்வாய், அது போய்ச் சேருவது சுங்கை பினாங்கில். அந்த ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கிளைகளில் ஒன்று ஆயர் தெர்ஜுன், அதாவது நம் தண்ணீர்மலை அருவியிலிருந்து இறங்கி, 1884-இல் அமைத்த தாவரவியல் பூங்காவுக்குள் புகுந்து வரும் ஆறு. இன்னொன்று ஆயர் ஈத்தாம். எல்லாம் சேர்ந்து ஊருக்குள் நுழைந்து ஜெலுத்தோங் பக்கம் கடலில் விழுகிறது. மேலே மலைக்காட்டில் அது பளிங்கு. 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்ட 12,481 ஹெக்டேரில் பினாங்கு மலைக் காடும் பூங்காவும் அடக்கம். அதே தண்ணீரைக் கீழே ஜெலுத்தோங் பாலத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் மனசு தாங்காது. நடுவில் இருக்கும் சில கிலோமீட்டரில் கோயில், சூராவ் என்னும் சின்னத் தொழுகைக்கூடம், சீனர் கோயில், தேவாலயம், அடுக்குமாடி வீடுகள், சாப்பாட்டுக் கடைகள், கடைசியில் ஆற்று வாயில் படகு கட்டும் மீனவர்கள். இத்தனை பேரும் ஒரே தண்ணீரின் கரையில்தான் இருக்கிறோம். ஆற்றைப் பற்றி ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசியதில்லை.

முதல் யோசனை தலைவர் ஐயாவுடையது. எல்லாச் சமயத் தலைவர்களையும் கூப்பிட்டு ஒரு பொதுப் பிரகடனம். அவர் மனசில் இருப்பது ஜார்ஜ் டவுனின் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் சாலை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குயின் தெரு மகா மாரியம்மன், குவான் யின் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் நிற்கும் அந்தத் தெருவை விடப் பொருத்தமான இடம் இந்த நாட்டில் கிடைக்காது என்பார். உண்மைதான்.

இந்த வழிக்கு நல்ல வரலாறும் இருக்கிறது. 1986-இல் இத்தாலியின் அசிசியில் உலக வனவிலங்கு நிதியம் ஐந்து சமயத்தாரைக் கூட்டியது. ஒவ்வொருவரும் தங்கள் நூலிலிருந்து, தங்கள் மொழியில், இயற்கையைக் காப்பது ஏன் கடமை என்று அறிக்கை கொடுத்தார்கள். இந்து அறிக்கையைக் கொடுத்தவர் டாக்டர் கரண் சிங். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1995-இல் தொடங்கி 2019 வரை நடந்த சமயங்களின் இயற்கைக் காப்புக் கூட்டணி. 1990-இல் எதிர்த் திசையிலிருந்து ஒரு கை நீண்டது: கார்ல் சேகன் முதலான அறிவியலாளர்கள் சமயத் தலைவர்களுக்கே திறந்த மடல் எழுதி, உங்கள் துணை இல்லாமல் எங்களால் இது முடியாது என்கிற பொருளில் கேட்டார்கள். அப்புறம் 2015-இல் இயற்கையைக் காப்பது பற்றிப் போப் பிரான்சிஸின் சுற்றுமடல், அதே ஆண்டு இஸ்தான்புல்லில் பருவநிலை பற்றிய இஸ்லாமிய அறிக்கை, 2024-இல் நைரோபியில் வெளியான, பூமியைக் காப்பது பற்றிய இஸ்லாமிய ஆவணமான அல்-மீஸான். இவற்றையெல்லாம் நான் மதிக்கிறேன். ஊரில் ஒரு சின்னக் கோயில் இந்த வேலையில் இறங்கும்போது, "சாமி கும்பிடுகிற இடத்தில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் பெரியவருக்குப் பதில் சொல்ல இவை கை கொடுக்கும்.

ஆனால் எங்கள் ஊரில் கையெழுத்துப் போடப்போவது யார் என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். இந்துக் கோயிலில் "சமயத் தலைவர்" யார்? குருக்கள் ஐயா தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர், அவர் சொல்லுக்கு மக்களிடம் மரியாதை உண்டு, ஆனால் ஒரு குழாயை மாற்றவும் அவருக்கு அதிகாரம் கிடையாது. அதிகாரம் நிர்வாகத்திடம். நிர்வாகமோ தேர்தலில் மாறும். பள்ளிவாசலில் இமாமுக்கு மரியாதையும் பொறுப்பும் உண்டு, ஆனால் வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையான குத்பாவின் வாசகம் மாநிலச் சமய இலாகாவிலிருந்து வருகிறது, அவர் நினைத்தபடி நம் ஆற்றை அதில் சேர்த்துவிட முடியாது. கத்தோலிக்கர்களுக்கு ஆயர் இருக்கிறார், ஒரே சொல்லில் எல்லாப் பங்குகளுக்கும் போய்ச் சேரும். சீனர் கோயிலுக்கு எங்களைப் போலவே நிர்வாகக் குழு. ஆக, ஒரே காகிதத்தில் விழும் நாலு கையெழுத்துக்கும் நாலு விதமான எடை. இது தெரியாமல் "எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் எதுவும் நகராது.

இன்னொன்றும் உண்டு. எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றாலே வாசகம் மழுங்கிவிடும். "இயற்கையை நேசிப்போம்" என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. தீவின் தென்கடலில் மண் கொட்டி நிலம் எடுக்கும் திட்டத்தைப் பற்றி, அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து வந்ததைப் பற்றி, ஒரு வரி சேர்க்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், அறையில் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

சமயத் தலைமையின் சொல் வேலை செய்வது அது குறிப்பாக இருக்கும்போது என்று நினைக்கிறேன். இந்தோனேசிய உலமா மன்றம் 2014-இல் அழியும் நிலையிலுள்ள விலங்குகளைக் கொல்வதும் கடத்துவதும் ஹராம், அதாவது விலக்கப்பட்டது, என்று பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது. அடுத்த ஆண்டே நம் நாட்டில் திரெங்கானு மாநிலம் சட்டவிரோத வேட்டைக்கு எதிராகப் பத்வா கொண்டுவந்தது. எந்தச் செயல், அது ஏன் கூடாது என்று கிராமத்தில் இருப்பவருக்கே புரியும். அந்த மாதிரி ஒரு வாசகம் எழுத நமக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது, நம் ஆற்றை உண்மையில் எது கெடுக்கிறது என்பது. இப்போதைக்கு அது எங்கள் யாருக்கும் சரியாகத் தெரியாது.

இரண்டாவது யோசனை பெண்கள் பிரிவுடையது: ஊரைக் கூட்ட வேண்டாம், முதலில் நம் வாசலைப் பெருக்குவோம். எனக்கு இது பிடித்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, நாளைக் காலையே தொடங்கலாம்.

பினாங்குத் தைப்பூசத்தைப் பார்த்தவர்களுக்கு எங்கே கைவைக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. 1894 முதல் ஓடும் வெள்ளி ரதம், 2017-இலிருந்து தங்க ரதமும். இரண்டும் போகும் வழியெல்லாம் தேங்காய். ரதம் வருவதற்கு முன் சாலையோரம் மலைமலையாய்க் குவித்திருப்பார்கள், வந்ததும் ஐந்து நிமிடத்தில் தார்ச்சாலை இளநீரில் மின்னும், அப்புறம் மண்வாரி இயந்திரம் வந்து ஓடுகளை வாரி லோரியில் போடும். அள்ளாமல் விட்ட ஓட்டில் மழை பெய்தால் ஏடிஸ் கொசு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைப் பற்றி எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் ஐயா காலத்திலிருந்து, அவர்களுடைய "பயனீட்டாளர் குரல்" படித்து வளர்ந்த வீடுகளுக்கு இது புதிதில்லை. பத்துத் தேங்காய்க்குப் பதில் ஒரு தேங்காய் உடைத்தால் வேண்டுதல் குறைந்துபோகாது என்று நம் குருக்கள் ஐயாவே சொல்கிறார். அதை அவர் சொல்லும்போது மக்கள் கேட்கிறார்கள், நான் சொன்னால் கேட்பதில்லை. இது இந்த வழியின் பெரிய பலம்.

போன தைப்பூசத்தில் எங்கள் தண்ணீர்ப் பந்தலில் பிளாஸ்டிக் கோப்பை வேண்டாம் என்று எவர்சில்வர் டம்ளர் வைத்தோம். மூன்று வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் அலசல், ஒன்றில் வெந்நீர். கழுவுவதற்கு நாலு பேர் மாறி மாறி நின்றும் விடியற்காலை மூன்று மணிக்குக் கை விரல் எல்லாம் வெளுத்துச் சுருங்கிவிட்டது. ஆனால் எங்கள் பந்தலைச் சுற்றித் தரையில் ஒரு கோப்பை இல்லை. பத்தடி தள்ளி, சாக்கடை ஓரம் முழுக்க வேறு பந்தல்களின் கோப்பை. மழை வந்தால் அது எல்லாமே எங்கள் கால்வாய்க்குத்தான் வரும். வாசலைப் பெருக்குவதன் எல்லை அங்கேயே கண்ணுக்குத் தெரிந்தது. சபரிமலையில் 2011-இல் பி. விஜயன் என்ற போலீஸ் அதிகாரி தொடங்கிய புண்ணியம் பூங்காவனம் பரவியதற்குக் காரணம், குப்பை அள்ளுவதை அவர் யாத்திரையின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிட்டார், கோயில் வாசலோடு நிற்கவில்லை. இங்கிருந்து மாலை போட்டுப் போய்வந்த சாமிகள் பலர் அங்கே துடைப்பம் பிடித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இந்த வழியின் இன்னொரு குறை எனக்குப் பிந்தித்தான் புரிந்தது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் செயலாளர் அண்ணனின் அக்கா மகள் பல்கலைக்கழகத்தில் நீரின் தரம் பற்றிப் பாடம் எடுப்பவர். ஒரு வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்தவரிடம் நாங்கள் டம்ளர் கதையைப் பெருமையாகச் சொன்னோம். கேட்டுவிட்டு அவர் கருவறைக்கு வெளியே கோமுகியைப் பார்த்தபடி நின்றார்.

"குருக்களய்யா, அபிஷேகப் பால் எல்லாம் எங்கே போகுது?"

"கோமுகி வழியா வெளியே போயிடுதும்மா."

"வெளியேன்னா?"

குருக்கள் ஐயா பதில் சொல்லவில்லை. நாங்கள் எல்லாரும் பின்னால் போய்ப் பார்த்தோம். சிமெண்டு வாய்க்கால், இரும்புக் கம்பி மூடி, அதற்குக் கீழே ஒரு குழாய், குழாயின் மறுமுனை நேராகக் கால்வாயில். அந்த முனையில் மட்டும் பாசி வேறு நிறத்தில், வழவழவென்று வெள்ளையாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக அந்த வேலியோரம் வண்டி நிறுத்துகிறேன், நான் பார்த்ததே இல்லை.

அவர் விளக்கினார். தண்ணீரில் விழும் எதையும் பாக்டீரியா தின்னும், தின்னும்போது தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும், மீன் மூச்சுமுட்டிச் சாகும். எவ்வளவு ஆக்ஸிஜன் போகும் என்று அளக்கத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து 5 நாள் இருட்டில் வைத்துப் பார்ப்பார்களாம். சாதாரண வீட்டுக் கழிவுநீருக்கு அந்த எண் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். பாலுக்கு? சுமார் 1,00,000. ஒரு லிட்டர் பால் கால்வாயில் போனால் ஏறக்குறைய 400 லிட்டர் சாக்கடை போன மாதிரி. பால்குடம் எடுக்கும் நாளில் எங்கள் சின்னக் கோயிலிலேயே எத்தனை லிட்டர் என்று நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் கோப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம், கண்ணுக்குத் தெரியாத பெரிய விஷயம் சாமி சந்நிதியிலிருந்தே போய்க்கொண்டிருந்தது.

அவர் அபிஷேகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அது எனக்கு முக்கியமாகப் பட்டது. எங்கே போகிறது என்று மட்டும்தான் கேட்டார். மீதியைச் செய்தவர் குருக்கள் ஐயா. தீர்த்தம் நந்தவனத்துக்குப் போவதுதானே பழைய வழக்கம் என்று அவரே சொன்னார், அடுத்த வாரமே கோமுகிக்குக் கீழே ஒரு தொட்டி வைத்தோம், அதில் நிறையத் தண்ணீர் கலந்து வாழைக்கும் செம்பருத்திக்கும் பரவலாக ஊற்றுகிறோம், ஒரே இடத்தில் கொட்டினால் நாறும் என்பதால் பரவலாக. ஆளுக்கொரு கிண்ணம் அபிஷேகத்துக்கு, மீதிப் பால் பாயசமாகப் பிள்ளைகளுக்கு என்று ஏற்பாடு. இதில் நிபுணரும் தேவைப்பட்டார், குருக்களும் தேவைப்பட்டார், தொட்டியைத் தினமும் காலி செய்யும் கைகளும் தேவைப்பட்டன. ஒருவர் குறைந்திருந்தாலும் நடந்திருக்காது. குருக்கள் சொல்லாமல் நாங்களாகப் பாலில் கைவைத்திருந்தால் கோயில் இரண்டாகியிருக்கும்.

மூன்றாவது யோசனை: நாம் ஏன் புதிதாக எதையும் தொடங்க வேண்டும், ஏற்கெனவே நடக்கும் அறிவியல் திட்டங்களில் தொண்டர்களாகச் சேர்ந்துவிடலாமே. பையன்கள் பலர் இதற்குத்தான் கை தூக்குகிறார்கள். இங்கே நல்ல வேலைகள் நடக்கின்றன என்பதும் நிஜம். தெலுக் பஹாங்கில் 2019-இல், பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டே சாலைக்கு மேல் ஒரு பாலம் கட்டினார்கள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகள் காரில் அடிபடாமல் கடப்பதற்கு. குரங்குகளைப் பல வருஷம் பின்தொடர்ந்து எங்கே கடக்கின்றன என்று குறித்து வைத்ததால்தான் பாலத்தைச் சரியான இடத்தில் போட முடிந்தது. பொறுமையாகப் பார்த்துக் குறிப்பதும் ஒரு தொண்டுதான் என்று எனக்கு உணர்த்திய வேலை அது.

ஆனால் எனக்கு ஒரு கசப்பும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஓர் ஏற்பாட்டாளர் எங்கள் இளைஞர் பிரிவைப் பாக்காவ் என்னும் அலையாத்தி மரக்கன்று நடக் கூட்டிப்போனார். பெயர் வேண்டாம். முட்டி அளவு சேற்றில் இறங்கி ஆளுக்கு இருபது கன்று நட்டோம், டி-சட்டை கொடுத்தார்கள், பதாகையோடு படம் எடுத்தார்கள், நாசி லெமாக் கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து நாங்கள் மூன்று பேர் மட்டும் போய்ப் பார்த்தோம். குச்சிகள் நின்றன. கன்று ஒன்றுகூட இல்லை. அழுகை வந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, அந்தக் கன்றுகளுக்கு என் மகள் பெயர் வைத்திருந்தாள்.

ஏன் செத்தன என்பதை அப்புறம் தெரிந்துகொண்டேன். பாக்காவ் விதை நீளமாக, சேற்றில் குத்தினால் நிற்கும், நடுவதற்கு எளிது, அதனால் எல்லாரும் அதையே நடுகிறார்கள். கடலுக்கு மிக அருகே எந்நேரமும் அலை அடிக்கும் வெற்றுச் சேற்றில் அது பிழைக்காது, அங்கே முதலில் வரக்கூடியது ஆப்பி-ஆப்பி என்ற வேறு வகை அலையாத்தி. பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகளாகப் பெரும் செலவில் நட்டதில் நீண்ட காலம் பிழைத்தது 10 முதல் 20 சதவீதம்தான், முக்கியக் காரணம் இதுவே. இதைப் புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1997 முதல் பாக்காவ் நடுகிறார்கள், நண்டும் இறாலும் எங்கே குஞ்சு பொரிக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள், கன்று எங்கே நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 2004 சுனாமியில் நாட்டில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில். கரையில் மரம் நிற்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆகவே மூன்றாவது வழியைப் பற்றி என் கணக்கு இது: தொண்டர்களாகப் போனால் கற்றுக்கொள்ளலாம், கை பழகும். ஆனால் நிகழ்ச்சி அவர்களுடையது, இடம் வேறு யாருடையதோ, நாம் பேருந்தில் ஏறி வந்துவிடுவோம். எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. குருக்கள் ஐயாவுக்கும் இதில் ஒரு வேலையும் இல்லை, தொடங்கும்போது விளக்கேற்றுவதைத் தவிர.

நாலாவது, நான் கை தூக்கப் போவது. பெரிய பெயர் எதுவும் இல்லை. கால்வாயின் நம் பகுதி மட்டும், பாலத்திலிருந்து பாலம் வரை, கூடவே ஆற்று வாயில் உள்ள மீனவர்கள். அந்தத் தண்ணீரைத் தொடுகிறவர்கள் மட்டும் ஒரு மேசையில் உட்காருவது: கோயில், சூராவ், சீனர் கோயில், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம், இரண்டு சாப்பாட்டுக் கடைக்காரர், ஒரு மீனவர், நீர் தெரிந்த ஒருவர். மாதம் ஒரு முறை. அளப்பது, அளந்ததைச் சொல்வது, அவரவர் வீட்டு வாய்க்காலை அவரவர் சரிசெய்வது.

எனக்கு இந்த எண்ணம் வந்தது எத்தியோப்பியாவால். அங்கே வடபகுதியில் காடு பெரும்பாலும் போய்விட்டது, மிஞ்சியது தேவாலயங்களைச் சுற்றி வட்ட வட்டமாக நிற்கும் சின்னக் காடுகள்தான். நம் ஊர்ப் பக்கத்துக் கோயில்காடு மாதிரி. மாடு உள்ளே புகுந்து கன்றுகளை மேய்ந்து, வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. அலெமாயெஹு வாஸி என்ற அந்நாட்டு ஆய்வாளரும், மெக் லோமன் என்ற மர உச்சி ஆய்வாளரும் பாதிரியார்களைக் கூட்டி, வானிலிருந்து எடுத்த படங்களைக் காட்டினார்கள். தங்கள் காடு எப்படிச் சுருங்கியிருக்கிறது என்று பாதிரியார்கள் முதல் தடவையாக மேலிருந்து பார்த்தார்கள். சுவர் கட்டலாம் என்று முடிவானது. பக்கத்து வயல்களில் கிடந்த கல்லை ஊரார் பொறுக்கிக் கட்டினார்கள், வயலும் சுத்தமானது, மாடும் உள்ளே வரவில்லை, கன்று முளைத்தது. ஆய்வாளர் கொண்டுவந்தது படம், பாதிரியாரிடம் இருந்தது காடும் சொல்லும், ஊராரிடம் இருந்தது கல்லும் கையும். ஒவ்வொருவரும் தங்களிடம் நிஜமாக இருந்ததைக் கொடுத்தார்கள், இல்லாததைக் கொடுப்பதாக யாரும் காகிதத்தில் எழுதவில்லை. இதே மெக் லோமன் 2017-இல் நம் பினாங்கு மலைக்கு வந்து இங்குள்ளவர்களோடு காட்டின் உயிர்களைக் கணக்கெடுத்தார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் ஆச்சரியம். நம் ஆறு தொடங்கும் அதே மலை.

சிக்கல் இல்லாத வழி என்று சொல்ல மாட்டேன். எங்கே கூடுவது என்பதே முதல் சிக்கல். சூராவிலிருந்து வருகிறவர்களைக் கோயில் மண்டபத்துக்குள் கூப்பிடுவது அவர்களைச் சங்கடத்தில் வைப்பது, அது மரியாதையாகாது. அடுக்குமாடியின் கீழே உள்ள பொது மண்டபம் சரியான இடம். சாப்பாடு அங்குள்ள மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடையிலிருந்து வரட்டும், தேநீரும் பிஸ்கட்டும் போதும். தொடக்கத்தில் பொதுப் பிரார்த்தனை வேண்டாம், அவரவர் வீட்டில் கும்பிட்டுவிட்டு வரட்டும். இதில் தலைவர் ஐயாவுக்கு வருத்தம் இருக்கிறது, ஆனால் சேர்ந்து வேலை செய்யச் சேர்ந்து தொழ வேண்டிய கட்டாயம் இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பேச்சு மலாயில் நடக்கும், அதனால் நம் பெரியவர்கள் பின்வரிசையில் ஒதுங்கிவிடாமல் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார வேண்டும். பதாகை வேண்டாம். பதாகை இருந்தால் யார் பெயர் முதலில் என்று சண்டை வரும், தேர்தல் வந்தால் அதில் வேறு படம் ஏறும்.

நேரம் பிடிக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். முதல் ஆறு மாதம் காட்டிக்கொள்ள ஒன்றும் இருக்காது, எண்கள் மட்டும்தான். இந்நாட்டில் ஆற்று நீரின் தரத்தை ஆறு அளவைகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அவற்றில் சிலவற்றை நாமே சின்னக் கருவியால் பார்க்கலாம், மீதிக்கு ஆய்வகம் வேண்டும், அதற்குப் பணம். 6,000 வெள்ளியில் பெரும்பகுதி அங்கேதான் போக வேண்டும் என்று நான் கேட்கப் போகிறேன். விருந்தும் டி-சட்டையும் வேண்டாம்.

இதுவரை நாங்கள் ஒரே ஒரு முறை ஒத்திகை பார்த்திருக்கிறோம். ஆற்று வாயில் படகுக்கு வலை தைத்துக்கொண்டிருந்த பக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர், நாங்கள் பாட்டிலில் தண்ணீர் எடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்த நேரத்தில் எடுத்தால் அது ஆற்றுத் தண்ணீர் இல்லை, கடல் தண்ணீர் என்றார். தண்ணீர் ஏறும் நேரம் அது. கடல் உள்ளே வந்து ஆற்றுக் கழிவைக் கலக்கிக் குறைத்துக் காட்டும், இறங்கின பிறகு வா என்றார். விரிவுரையாளர் தம்முடைய குறிப்பேட்டில் அதை அங்கேயே எழுதிக்கொண்டார். சூராவ் நிர்வாகத்தைச் சேர்ந்த ஹாஜியாரிடம் பாலும் தொட்டியும் கதையைச் சொன்னபோது, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் எங்கள் ஒளுத் தண்ணீரும் இப்படித்தானே நேரே சாக்கடைக்குப் போகிறது, அது சுத்தமான தண்ணீராச்சே, அதைச் செடிக்குத் திருப்பலாமே என்று அவரே சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. தமிழில்தான் சொன்னார்.

கூட்டத்தில் என் ஓட்டு இப்படி. நாலாவது வழி முதலில், ஒரு வருஷத்துக்கு. இரண்டாவது வழி அதோடு சேர்ந்தே நடக்கட்டும், டம்ளரும் தொட்டியும் நின்றுவிடக் கூடாது, மேசையில் உட்காரும்போது முதல் கேள்வி "நீங்கள் உங்கள் இடத்தில் என்ன செய்தீர்கள்?" என்றுதான் வரும். மூன்றாவதை மீனவர் கூப்பிட்டால், மீனவர் காட்டும் இடத்தில் மட்டும். தலைவர் ஐயாவின் பிரகடனத்தைக் கைவிடச் சொல்லவில்லை, வருஷக் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். அப்போது கையில் பன்னிரண்டு மாத எண் இருக்கும், "சந்நிதியிலிருந்தும் பள்ளியிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் எதுவும் நேரே இந்தத் தண்ணீரில் விழாது" என்று ஒரு வரி எழுதலாம், நாலு பேரும் தங்கள் கைக்கு எட்டியதற்கே கையெழுத்துப் போடலாம். கப்பித்தான் கெலிங் சாலையில் நின்று அதை அவரே வாசிக்கட்டும்.

பெண்கள் பிரிவு ஒன்றைக் கேட்டிருக்கிறது, அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை: மேசையில் ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒருவர் என்றால் எல்லாரும் ஆண்களாகத்தான் வருவார்கள், வாய்க்காலில் எது போகிறது என்று தெரிந்தவர்கள் அடுக்களையில் நிற்பவர்கள். இடத்துக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண் என்று வைக்கலாமா? சூராவ் தரப்பு என்ன சொல்லும்? கூட்டத்துக்கு முன் ஹாஜியாரிடம் கேட்டு வருகிறேன்.

வரும் சனிக்கிழமை தண்ணீர் இறங்குவது காலை ஏழு மணி வாக்கில் என்று பக்சிக் சொல்லியிருக்கிறார். மூன்று இடத்தில் எடுக்கப் போகிறோம்: பூங்காவுக்குக் கீழே, கோயில் பின்புறம், ஆற்று வாய். ஓட்டுப் போடுவதற்கு முன் அந்த மூன்று எண்ணாவது கூட்டத்தில் எல்லார் கையிலும் இருக்க வேண்டும். வருகிறவர்கள் ஆறரைக்குப் பின்பக்க வேலியருகே நில்லுங்கள். ரப்பர் பூட்ஸ் இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள், அந்தக் குழாய் முனைக்குப் பக்கத்தில் இன்னும் வழுக்குகிறது.